அம்மா முதலிலா, அன்பு முதலிலா?

தேடுபொறிகளில் எந்தப் புலத்துக்கு வரிசைப்படுத்தும் உரிமை தருவது என்பது பற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்



நூலகத்தின் இணையப் பட்டியலில் ஒருவர் ‘சோழர்’ என்று தட்டித் தேடுகிறார். சில நூறு நூல்கள் வந்து விழுகின்றன. திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி. அதைத் தொட்டால் பொருத்தம், ஆண்டு, தலைப்பு, ஆசிரியர் என்று நான்கு வரிகள் விரிகின்றன. அவருக்கு வேண்டியதோ ஒல்லியான ஒரு நூல். நாளைக் காலைக்குள் படித்து முடித்தாக வேண்டும். ஒவ்வொரு நூலின் பக்க எண்ணிக்கையும் திரையில் தெரிகிறது. ஆனால் ‘பக்கம் குறைந்ததை முதலில் காட்டு’ என்று கேட்க அந்தப் பெட்டியில் வழியில்லை. கண்ணெதிரே இருக்கும் எண்ணை வைத்து அடுக்கக்கூடக் கணினிக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் பக்க எண்ணிக்கை என்ற புலத்துக்கு அந்த உரிமையை யாரும் கொடுத்து வைக்கவில்லை. கணினிக்காரர்கள் ‘ஃபீல்டு’ என்பதைத்தான் இங்கே புலம் என்கிறோம். எந்தப் புலத்தில் தேடலாம், எதைக் கொண்டு வடிகட்டலாம், எதைக் கொண்டு வரிசைப்படுத்தலாம் என்பதெல்லாம் தேடுபவர் வருவதற்கு வெகுமுன்பே, சுட்டியை, அதாவது ‘இண்டெக்ஸை’, கட்டும் நாளில் முடிவாகிவிடுகின்றன. அந்த முடிவை எடுப்பவர் பெரும்பாலும் ஓர் இளம் நிரலாளர். நூலகத்துறையில் அது நூற்பட்டியலர் எடுத்து வந்த முடிவு. அகராதித்துறையில் பதிப்பாசிரியர் எடுத்து வந்த முடிவு. கை மாறியிருக்கிறதே தவிர வேலையின் கனம் குறையவில்லை.

தேடுபொறி எப்படித் தேடுகிறது என்பதைப் பார்த்துவிட்டால் மிச்சம் எளிது. ஆய்வு நூல்களின் கடைசியில் சொல்லடைவு என்று ஒன்று இருக்கும். சொல் முதலில், அது வரும் பக்க எண்கள் அடுத்து. ‘நாகப்பட்டினம் 41, 87, 203’ என்று இருந்தால் நூலைப் புரட்டாமலே இடம் தெரிந்துவிடுகிறது. தேடுபொறியின் உள்ளே இருப்பதும் இதுதான். தலைகீழ்ச் சுட்டி என்பது அதன் தொழிற்பெயர். 1999இல் டக் கட்டிங் என்ற அமெரிக்க நிரலாளர் ஜாவாவில் எழுதிய லூசீன் என்ற மென்பொருள், இத்தகைய சுட்டியைக் கட்டும் வித்தையை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. லூசீன் என்பது அவர் மனைவியின் நடுப்பெயர். 2001இல் அது அப்பாச்சி அமைப்பின் குடைக்குள் வந்தது. அதை அடித்தளமாக வைத்து 2004இல் சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி உருவாக்கியது சோலார். 2010இல் ஷாய் பானன் வெளியிட்டது எலாஸ்டிக்சர்ச். பானனின் மனைவி லண்டனில் சமையற்கலை படிக்கப் போனபோது, அவருடைய சமையல் குறிப்புகளில் தேட ஒரு கருவி செய்யப் புகுந்துதான் பானன் இந்தத் துறைக்குள் விழுந்தார். ஒன்றில் மனைவியின் பெயர், இன்னொன்றில் மனைவியின் சமையல்; இந்தத் துறையின் வரலாறு அப்படி வீட்டுக்குள்ளிருந்து புறப்பட்டது.

சொல்லடைவிடம் ‘நாகப்பட்டினம் எங்கே வருகிறது?’ என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். ‘87ஆம் பக்கத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஓடி, எதற்கெதிரே 87 இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். வரிசைப்படுத்தல் கேட்பது இந்த இரண்டாவது வகைக் கேள்வியை. கிடைத்த முந்நூறு ஆவணங்களில் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு என்ன, விலை என்ன என்று தெரிந்தால்தானே அடுக்க முடியும்? அதற்கு வேண்டியது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு போன்ற ஒன்று. வரிசை எண்கள் மேலிருந்து கீழே இறங்கும். ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் ஒரே கட்டம், கட்டத்துக்குள் ஒரே மதிப்பு.

லூசீனின் முதல் பத்தாண்டுகளில் இந்தப் பதிவேடு வழக்கமாக வட்டில் எழுதப்படவில்லை. யாராவது முதல்முறையாக ‘ஆண்டுப்படி அடுக்கு’ என்று கேட்கும்போதுதான், சுட்டி முழுவதையும் ஓடிப் பார்த்து, நினைவகத்துக்குள் அவசர அவசரமாக ஒரு பதிவேட்டை எழுதிக்கொள்ளும். ஒரு கோடி ஆவணங்கள், ஆண்டுக்கு நான்கு பைட் என்றால் 40 மெகாபைட், தாங்கலாம். அதே ஒரு கோடி தலைப்புகளைத் தூக்கி வைக்கச் சொன்னால் சர்வருக்கு மூச்சு முட்டும். முதலில் கேட்டவர் காத்திருப்பார். நினைவகம் நிரம்பிவிட்டால் கேட்காதவர்களும் சேர்ந்து காத்திருப்பார்கள். 2012 அக்டோபரில் வந்த லூசீன் 4.0 இதற்கு ஒரு முடிவு கட்டியது. சுட்டி கட்டும்போதே பதிவேட்டையும் பக்கத்தில் எழுதி வட்டிலேயே வைத்துவிடலாம். இதை ஆவண மதிப்புகள் என்றார்கள். 2015இல் எலாஸ்டிக்சர்ச் 2.0 எண்கள், தேதிகள், துண்டாக்கப்படாத சொற்சரங்கள் ஆகியவற்றுக்கு இதை இயல்பிருப்பாகவே ஆக்கிவிட்டது.

துண்டாக்கப்படாத என்ற சொல்லில்தான் சூட்சுமம். தேடுவதற்காகத் தலைப்பைக் கொடுத்தால் தேடுபொறி அதைச் சொல் சொல்லாக வெட்டித்தான் சுட்டியில் போடும். வெட்டாவிட்டால் ‘செல்வன்’ என்று தேடுபவருக்குப் ‘பொன்னியின் செல்வன்’ அகப்படாது. ஆனால் வெட்டிய பிறகு வரிசைப்படுத்தச் சொன்னால் எந்தத் துண்டை வைத்து வரிசைப்படுத்துவது? எலாஸ்டிக்சர்ச்சின் விடை நேரடியானது: ஏறுவரிசை என்றால் துண்டுகளில் எது அகரவரிசையில் முந்தியதோ அது, இறங்குவரிசை என்றால் எது பிந்தியதோ அது.

கல்கியின் மூன்று சரித்திர நாவல்களை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ‘பொன்னியின் செல்வன்’ நூலின் துண்டுகளில் முந்தியது ‘செல்வன்’. ‘பார்த்திபன் கனவு’ நூலில் ‘கனவு’. ‘சிவகாமியின் சபதம்’ நூலில் ‘சபதம்’. மூன்றுமே இரண்டாவது சொல்லால் அடுக்கப்படுகின்றன! கனவு, சபதம், செல்வன் என்று பார்த்திபன் முதலிலும் சிவகாமி நடுவிலும் பொன்னி கடைசியிலும் வருவார்கள். சரியான வரிசையில் சிவகாமிதான் முதலில் நிற்கவேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், பிழை பிழையாகத் தெரிவதில்லை. முதல் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஏதோ வரிசைதான் போலும் என்று பார்ப்பவர் போய்விடுவார்.

2016இல் வந்த 5.0 பதிப்பில் எலாஸ்டிக்சர்ச் இந்த வாசலை இழுத்து மூடியது. எழுத்துப் புலங்களை ‘டெக்ஸ்ட்’, ‘கீவேர்டு’ என இரண்டு சாதியாகப் பிரித்தது. டெக்ஸ்ட் தேடுவதற்கு, வெட்டப்படும். கீவேர்டு வரிசைப்படுத்தவும் எண்ணவும், வெட்டப்படாது. டெக்ஸ்ட் புலத்தில் வரிசை கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் ஒரு பிழைச் செய்தி வரும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பலர் இந்தத் துறையில் முதலில் சந்திக்கும் சுவர் அதுதான். தவறான வரிசையைப் பல் இளித்துக் காட்டுவதைவிட ‘முடியாது’ என்று சொல்வது எவ்வளவோ மேல். தீர்வு, ஒரே தலைப்பை இரண்டு புலங்களில் வைப்பது. தேட ஒன்று, அடுக்க ஒன்று.

புலத்தின் வகையை யாரும் சொல்லாவிட்டால் எலாஸ்டிக்சர்ச் தானாகவே இந்த இரண்டையும் செய்துகொள்ளும். ஆனால் தானாகச் செய்யும் கீவேர்டில் 256 எழுத்துக்குறிகளுக்கு மேல் நீளும் மதிப்பைக் கழித்துவிடும். நவீன நூல்களுக்கு அது போதும். டேனியல் டீஃபோ 1719இல் வெளியிட்ட ராபின்சன் க்ரூசோவின் முதற்பதிப்புத் தலைப்பு, கப்பல் உடைந்ததிலிருந்து கடற்கொள்ளையர் கையால் மீண்டது வரை கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஓயும். அதை அப்படியே பட்டியலில் பதிந்தால் 256ஐத் தாண்டிவிடும். வரிசைப் புலம் வெறுமையாக நிற்கும். நூல் பட்டியலின் கடைக்கோடிக்குப் போய்விடும். தேடினால் கிடைக்கும், அகரவரிசையில் போனால் கிடைக்காது. தமிழில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘கோ’ என்பது படிப்பவருக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறி. ஆகவே தமிழ்த் தலைப்புக்கு அந்த 256 இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

இந்த உரிமையைக் கொடுக்கும் முறையில் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குணம். பாரிஸில் பிறந்த மெய்லிசர்ச் கறாரானது. வரிசைக்குரிய புலங்களின் பட்டியல் ஆரம்பத்தில் காலி. யாரும் பெயர் சேர்க்காவிட்டால் எதைக் கொண்டும் அடுக்காது. பட்டியலில் ஒரு பெயரைப் புதிதாகச் சேர்த்தால் சுட்டியை மறுபடி கட்ட ஆரம்பித்துவிடும். டைப்சென்ஸ் எண்களுக்குத் தாராளம், சொற்சரங்களுக்குக் கஞ்சம்: எண் புலம் தானாக வரிசைக்கு உரியது, எழுத்துப் புலத்துக்குத் தனியே சொல்லவேண்டும். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் தேடல் சேவையில் புலத்தை உருவாக்கும்போதே ‘வரிசைக்கு உரியது’ என்ற அடையாளத்தை வைத்துவிடவேண்டும். பிறகு மனம் மாறினால் சுட்டியை இடித்துத்தான் கட்டவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புள்ள புலத்துக்கு அந்த அடையாளத்தை அது தரவே தராது. மூன்று பேர் சேர்ந்து எழுதிய நூலை ஆசிரியர்ப்படி அடுக்கச் சொன்னால் எந்த ஆசிரியர் என்று அது கேட்கிறது. நியாயமான கேள்விதான். பழைய நூலகப் பட்டியலர்கள் ஒருவரை முதன்மை ஆசிரியராகவும் மற்றவர்களைக் கூடுதல் பதிவாகவும் பிரித்து வைத்தது இதே சிக்கலுக்குத்தான்.

அல்கோலியாவின் வழி வேறு. 2012இல் தொடங்கிய இந்தப் பிரெஞ்சு நிறுவனத்தின் பொறிக்கு வேகம்தான் மூச்சு. கேட்கும் நேரத்தில் அடுக்கிக்கொண்டிருக்க அதற்குப் பொறுமையில்லை. எனவே அடுக்கியே வைத்துவிடுகிறது. விலை ஏறுவரிசைக்கு ஒரு நகல் சுட்டி, விலை இறங்குவரிசைக்கு இன்னொரு நகல் சுட்டி, புதியது முதலில் என்பதற்கு மற்றொன்று. ஒரே சரக்கு, மூன்று நான்கு அடுக்கு.

கேட்க வீண்செலவாகத் தோன்றும். அச்சுக்காலத்தில் இதைத் தவிர வழியே இருக்கவில்லை என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது. வீரமாமுனிவர் என்று தமிழர் அறிந்த இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி, 1732இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு அகராதிகள் அதில் உண்டு. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தேடுபவர் பெயரகராதிக்குப் போவார். ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தேடுபவர் பொருளகராதிக்கு. குழுவாக எண்ணப்படுபவை தொகையகராதியில். செய்யுள் எழுதுபவருக்கு எதுகை வேண்டுமானால் தொடையகராதி. தேடி வருபவர் எந்த வாசலில் நுழைவார் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, வாசலுக்கு ஒன்றாக அடுக்கிவைத்தார். எதுகையை வரிசைப் புலமாக ஆக்கிய தேடுபொறி இன்றுவரை பரவலாகப் புழங்கவில்லை. கவிஞர்கள் முறையிடவில்லை போலும்.

வரிசை உரிமை கொடுத்துவிட்டால் அதுவே முதலில் பேசும் என்றும் இல்லை. மெய்லிசர்ச்சின் இயல்பமைப்பில் தேடிய சொற்கள் எத்தனை பொருந்தின, எழுத்துப்பிழை எத்தனை, சொற்கள் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பவையெல்லாம் முடிந்த பிறகுதான் பயனர் கேட்ட வரிசை களத்தில் இறங்கும். ‘மிதிவண்டி’ என்று தேடி, விலை குறைந்தது முதலில் என்று ஒருவர் கேட்கிறார். 4,500 ரூபாய் வண்டிக்குக் கடைக்காரர் ‘மிதிவன்டி’ என்று பிழையாகப் பெயரிட்டிருந்தால், 6,000 ரூபாய் வண்டி அதற்கு மேலே வரும். பொறி சொன்னபடிதான் செய்தது. வாங்க வந்தவரோ கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பார். கடைகளுக்கு இந்த வரிசை விதியை முதலிடத்துக்கு ஏற்றுவது நல்லது. ஆவணக் காப்பகத்துக்கு ஏற்றாமல் விடுவது நல்லது.

உரிமை யாருக்கு என்பது பாதிக் கதை. எந்த உருவத்தில் என்பதே கடினமான பாதி. முதலில் சொன்ன பக்க எண்ணிக்கைக்குத் திரும்பலாம். நூற்பட்டியலில் அது எண்ணாகவே இருப்பதில்லை. ‘12, 240 ப.; படங்களுடன்’ என்று முன்னுரைப் பக்கமும் நூற்பக்கமும் சேர்ந்த ஒரு வாக்கியத் துண்டாக இருக்கும். இதை அப்படியே வரிசைப் புலமாக்கினால் எழுத்து எழுத்தாக ஒப்பிடும். 1000 பக்கம் 90 பக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும், ஒன்று ஒன்பதுக்கு முந்தியது அல்லவா! நூலடுக்குக் குறியீட்டிலும் இதே வம்பு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் க்யூஏ 9 என்ற அடுக்கு க்யூஏ 76க்கு முன்னால் வரவேண்டும். எழுத்துக் கணக்கில் 76தான் முந்தும். பென்சில்வேனியாவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உருவாகி உலக நூலகங்களில் புழங்கும் வியூஃபைண்ட் என்ற பட்டியல் மென்பொருள், சோலாரின் மேல் அமர்ந்தது. அது தலைப்புக்கு, ஆசிரியருக்கு, ஆண்டுக்கு, குறியீட்டுக்கு எனத் தனித்தனி வரிசைப் புலங்களை வைத்திருக்கிறது. திரையில் காட்டும் தலைப்பு வேறு, அடுக்கப் பயன்படும் தலைப்பு வேறு.

இந்தப் பிரிவினை கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1960களில் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் அவ்ரம் வடித்த மார்க் என்ற பதிவு முறையில், 245ஆம் எண்ணுள்ள தலைப்புப் புலத்தோடு ஓர் இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுக்கும்போது முதலில் எத்தனை எழுத்தைத் தாண்டவேண்டும் என்பதே அந்த இலக்கத்தின் வேலை. ஆங்கிலத்தின் ‘தி’ மூன்றெழுத்து, ஓர் இடைவெளி, ஆகமொத்தம் 4. கம்யூவின் பிரெஞ்சு நாவல் ‘லெத்ராஞ்சே’ என்றால் முன்னொட்டும் அதன் மேற்கோள் குறியும் சேர்ந்து 2. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பட்டியலர் பொறுமையாகத் தட்டிவைத்த அந்த ஓரிலக்கத்தை வைத்துத்தான் இன்று வியூஃபைண்ட் தன் வரிசைப் புலத்தைச் செதுக்குகிறது. இலக்கத்தைத் தவறாக 0 என்று விட்டிருந்தால் நூல் ‘தி’ வரிசையில் போய் ஆயிரம் நூல்களோடு நிற்கும்.

தமிழுக்குத் ‘தி’யின் தொல்லை இல்லை. தொல்லை பெயரில் இருக்கிறது. கு. ப. ராஜகோபாலன், கு. அழகிரிசாமி, தி. ஜானகிராமன், கி. ராஜநாராயணன், நால்வரையும் அச்சிட்டபடியே அடுக்கினால் தலைப்பெழுத்துத்தான் ஆளும். கு.ப.ரா.வும் அழகிரிசாமியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். அதற்கு ஒருவரின் ஊர்ப்பெயரும் மற்றவரின் தந்தை பெயரும்தான் காரணம். போதாதற்குக் ‘கு.ப.’ என்று ஒட்டி எழுதிய நூலும் ‘கு. ப.’ என்று இடைவெளி விட்ட நூலும் வேறு வேறு இடத்துக்குப் போகும், இடைவெளியும் கணினிக்கு ஓர் எழுத்தே. ‘ராஜகோபாலன், கு. ப.’ என்று திருப்பி எழுதும் தமிழ் நூலகர்களின் பழக்கம் இதற்குச் சரியான மருந்து. அந்தத் திருப்பிய வடிவம் வரிசைப் புலத்துக்குப் போகவேண்டும். திரைக்குப் போகவேண்டியது எழுத்தாளர் கையெழுத்திட்ட வடிவம்.

ஆண்டும் அப்படித்தான். பழைய தமிழ் நூல்களின் முகப்பில் ‘சுபகிருது வருஷம்’ என்று மட்டும் அச்சாகியிருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் சுபகிருது 1902இல் வந்தது, 1962இல் வந்தது, 2022இலும் வந்தது. முகப்பில் உள்ளதைக் காட்சிப் புலத்தில் வைத்து, பதிப்பாளர், அச்சகம், தாள் என்று பார்த்து ஒருவர் முடிவுகட்டிய ஆண்டை எண்ணாக வரிசைப் புலத்தில் வைக்கவேண்டும். முடிவுகட்ட முடியாத நூல்? புலம் காலியாக இருக்கும். சோலாரில் எதுவும் சொல்லாவிட்டால் காலியானவை ஏறுவரிசையில் முதலில் வந்து குந்திக்கொள்ளும். எலாஸ்டிக்சர்ச்சில் எந்த வரிசையானாலும் கடைசிக்குப் போகும். ஆண்டு தெரியாத நூல் மிகப் பழைய நூலாகத் தோற்றமளிப்பது ஆராய்ச்சி மாணவர் ஒருவரை என்ன பாடுபடுத்தும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி எழுத்து வரிசை. 1991இல் வந்த யூனிகோடு, இந்திய எழுத்துகளுக்கு இஸ்கி என்ற இந்தியக் குறியேற்ற முறையை அடியொற்றி இடம் ஒதுக்கியது. இஸ்கியின் நோக்கம் எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டத்துக்குள் பொருத்துவது. சட்டம் தேவநாகரியின் வரிசையில் அமைந்தது. அதில் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும், ழகரம் வகரத்துக்கு முன்னாலும் வந்து உட்கார்ந்தன. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே நுழைந்தது. தமிழ்ப் பிள்ளை படிக்கும் வரிசையோ ய ர ல வ ழ ள ற ன என்று முடிகிறது. புள்ளியின் கதை இதைவிட மோசம். குறியேற்றத்தில் புள்ளி எல்லா மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் குறி எண்ணை வைத்து அடுக்கினால் ‘அகம்’ முந்தி ‘அக்கா’ பிந்தும். 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ‘அக்’ என்று தொடங்குபவை முடிந்த பிறகே ‘அக’ தொடங்கும்.

கீவேர்டு புலம் குறி எண்ணைத் தவிர வேறெதையும் அறியாது. யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் என்ற மொழித் தரவுத் தொகுப்பில் தமிழுக்கென வரிசை விதி இருக்கிறது. ஐசியு என்ற நிரல் தொகுதி அதைப் படித்து நடத்தும். எலாஸ்டிக்சர்ச்சில் ஐசியு செருகியை நிறுவி, வரிசைப் புலத்தின் வகையை மாற்றி, மொழி தமிழ் என்று ஒரு வரி எழுதினால் போதும். சோலாரிலும் இணையான புல வகை உண்டு. ஜெர்மானியர் இன்னும் ஒருபடி மேலே போய், அகராதி வரிசை, தொலைபேசிப் புத்தக வரிசை என்று இரண்டை வைத்திருக்கிறார்கள். எது வேண்டும் என்று அதே இடத்தில் குறிக்கலாம். இப்படி எழுதப்படும் புலத்தில் மனிதர் படிக்கும் சொல் இருக்காது, ஒப்பிடுவதற்கான பைட்டுகளே இருக்கும். எனவே அசல் தலைப்பு இன்னொரு புலத்தில் பத்திரமாக இருக்கவேண்டும்.

வரிசைப் புலத்துக்குத் தலைப்பைத் துப்புரவாக்கும் வேலையில்தான் தமிழுக்குப் பெரிய அடி விழக்கூடும். சோலாரோடு பல பதிப்புகளாக வந்த மாதிரி அமைப்புக் கோப்பில் ‘ஆல்ஃபா ஒன்லி சார்ட்’ என்று ஒரு புல வகை இருந்தது. தலைப்பை முழுதாக எடு, சிற்றெழுத்தாக்கு, ஓரத்து இடைவெளியை நீக்கு; பிறகு ஆங்கிலத்தின் ஏ முதல் இசட் வரையான இருபத்தாறு எழுத்தைத் தவிர மற்ற அனைத்தையும் அழி. மேற்கோள் குறி, காற்புள்ளி முதலிய குப்பை போகட்டும் என்பது எழுதியவரின் எண்ணம். இதில் ஒரு தமிழ்த் தலைப்பைப் போட்டால் என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது. திருக்குறளும் தேவாரமும் டெலிபோன் கையேடும் ஒரே வெற்றுச் சரமாகும். அவற்றுள் முன்பின் என்பதே இல்லாமல் போகும். அட்டையில் எண்ணால் 1984 என்று அச்சான ஆர்வெல்லின் நாவலும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். மாதிரியை மாதிரியாகப் பாராமல் அப்படியே நகலெடுத்துக்கொண்டால் இதுதான் கதி. பிழைச் செய்தி எதுவும் வராது. தேடல் வேலை செய்யும். வரிசை மட்டும் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும்.

அதற்காக எல்லாப் புலத்துக்கும் உரிமையை வாரி வழங்கவும் முடியாது. ஒவ்வொரு வரிசைப் புலமும் வட்டில் இன்னொரு பதிவேடு. சுட்டி கட்டும் நேரமும் நீளும். ஆகவே தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்கவேண்டும். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கோஹா என்ற நூலக மென்பொருள், இன்று இந்திய நூலகங்கள் பலவற்றிலும் இருக்கிறது. மாவோரி மொழியில் கோஹா என்றால் நன்கொடை. எலாஸ்டிக்சர்ச்சோடு இணைத்த கோஹாவில் நூலகரே திறந்து பார்க்கக்கூடிய ஓர் அட்டவணை உண்டு. அதில் மார்க் புலங்கள் இருக்கும். எதிரே ஒவ்வொன்றும் வரிசைக்கு உரியதா என்று கேட்கும் ஒரு பத்தி. நிரலாளரைத் தேடி ஓடாமல் நூலகரே முடிவெடுக்கலாம் என்பது இதன் பெருமை. மாற்றிச் சேமித்தால் மட்டும் எதுவும் நடக்காது, சுட்டியை முழுக்க மறுபடி கட்டவேண்டும் என்பது மறந்துபோகும் செய்தி.

சமன்பட்ட மதிப்புகளைப் பற்றி ஒரு சொல். ஆண்டுப்படி அடுக்கினால் 1998ஆம் ஆண்டு நூல்கள் மட்டும் பல பக்கம் வரும். அவற்றுக்குள் எது முன் என்று யாரும் சொல்லாவிட்டால், பொறி தன் உள் எண்ணை வைத்து அடுக்கும். சுட்டியின் நகல்கள் இரண்டு சர்வரில் இருந்தால் அந்த உள் எண்கள் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. முதல் பக்கத்தை ஒரு சர்வரும் இரண்டாம் பக்கத்தை மற்றதும் கொடுத்தால், பார்த்த நூல் மறுபடி வரும். பார்க்கவேண்டிய நூல் எந்தப் பக்கத்திலும் வராது. ஆண்டுக்கு அடுத்ததாகப் பதிவு எண் என்று இரண்டாவது வரிசைப் புலம் ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது.

அவையில் பலர் கையில் கைபேசி இருக்கிறது. தமிழ் நூல்களைக் காட்டும் ஏதாவது ஒரு பட்டியலைத் திறந்து, தலைப்புப்படி அடுக்கச் சொல்லி மூன்று இடங்களைப் பார்க்கலாம். முதலில், ‘அம்மா’ என்று தொடங்கும் நூல்கள் முன்னால் இருக்கின்றனவா, ‘அன்பு’ என்று தொடங்குபவை முன்னால் இருக்கின்றனவா? அன்பு முந்தியிருந்தால் அங்கே ஆள்வது குறி எண். லெக்சிகன் வரிசையில் மகரம் னகரத்துக்கு வெகுமுன்னால். அடுத்து, ‘கௌரி’ எத்தனை இடத்தில் இருக்கிறாள்? ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் போட்டுக் ‘கெளரி’ என்று தட்டியவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சுட்டியில் ஒருத்தி கௌவில், மற்றவள் கெயில். கடைசியாக, ஏறுவரிசையின் முதல் பக்கத்தைப் பார்க்கவேண்டும். அங்கே தமிழ் நூல்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் குவிந்து கிடந்தால், அந்தப் பட்டியலின் அமைப்புக் கோப்பில் இருபத்தாறு ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த ஒரு வரி இருக்கிறதா என்று அங்குள்ளவர்களிடம் கேட்கலாம்.